‘செல்வதால்’ என்று எழுதியவள் நான்

சென்ற மாதம் என் கைபேசிக்கு ஒரு கோட்டுப்படம் வந்தது. அனுப்பியவர் பிரியா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த புள்ளியியல் ஆய்வாளர். வெளிமாநிலத் தொழிலாளர்கள் எந்த ஊரில் அதிகமோ அந்த ஊரில் திருட்டும் அதிகம் என்று அந்தப் படத்தில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. கீழே கொட்டை எழுத்தில், ‘கணக்கு பொய் சொல்லாது’. “மேடம், இதை என் வீட்டிலேயே எல்லாரும் நம்புகிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?” என்று பிரியா கேட்டிருந்தார்.

வீடும் கடையும் லாரிப் பட்டறையும் பெருகிய ஊரில் திருட்டுப் புகாரும் கூடத்தான் இருக்கும். வேலை தேடி வருகிறவர்களும் அந்த ஊருக்குத்தான் வருவார்கள். ‘தொழிலாளர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல் டாக்டர்களின் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள், கோடு அப்போதும் ஏறும்’ என்று பதில் அனுப்பினேன். மறுநாள் போட்டே அனுப்பிவிட்டார். கோடு ஏறியிருந்தது. அவர் வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது பல் டாக்டர்கள்மேல் யாரும் சந்தேகப்படவில்லையாம்.

எனக்கு இது உடனே தோன்றியது என்று பிரியா வியந்தார். உடனே தோன்றியதல்ல. இதே தவற்றை ஒருமுறை நானே செய்திருக்கிறேன். என்னால் பல பெண்களின் வேலை போக இருந்தது. அதைச் சொன்னதும், “எழுதிக் கொடுங்க மேடம், நாங்க படிக்கணும்” என்றார். எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம். கணிதத்தில் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி வேலைக்கு வந்தேன். முதல் சில ஆண்டுகள் ஆத்தூரிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் வயல் வயலாகக் கழிந்தன. ஒரு வட்டாரத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்று சொல்ல, சில வயல்களில் சின்னச் சதுரம் அளந்து, அதை மட்டும் அறுத்து, தூற்றி, எடை போடுவோம். எந்த இடத்தில் அறுப்பது என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. அட்டவணையில் உள்ள எண் சொல்லும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று நடந்துபோய், நின்ற இடத்தில் முளை அடிக்க வேண்டும். அது சேறாக இருந்தாலும் சரி, எலி தின்ற இடமாக இருந்தாலும் சரி. “நல்லா வெளஞ்ச பக்கம் அங்க இருக்குதும்மா, இங்க வந்து நிக்கிறீங்களே” என்று வயல்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். நம் விருப்பத்துக்கு இடம் கொடுக்காமல் எண்ணும் பழக்கம் எனக்கு அந்தச் சேற்றில்தான் வந்தது. வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாமக்கல்லுக்கு மாறுதல் கிடைத்தது. அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் சுந்தரமூர்த்தி சார். ஆத்தூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் அட்டவணையின் தலைப்பைத் தன் நாட்குறிப்பால் மூடிவிடுவார். எண்களை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படிப்பார். “தலைப்பைப் பாத்துட்டா மனசு அதையே தேட ஆரம்பிச்சிடும்” என்பார். அப்புறம் மூன்று கேள்வி கேட்பார். எப்போது எடுத்தது, யாரிடம் கேட்டது, யாரிடம் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு பென்சில் இருந்தது. அறிக்கையில் ‘ஆல்’ என்று முடியும் சொல் எங்கே வந்தாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். மழை குறைந்ததால், விலை ஏறியதால், கல்வி இல்லாததால். “இந்த ‘ஆல்’ எங்கேர்ந்து வந்துச்சு? படிவத்துல இருக்குதா, உங்க மனசுல இருந்து வந்ததா?” என்று கேட்பார். படிவத்தில் இருக்காது. அடித்துவிட்டு ‘மழை குறைந்தது, விளைச்சலும் குறைந்தது’ என்று மாற்றி எழுதிக்கொண்டு போவோம். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. தமிழ் வாத்தியார் வேலையை இவர் ஏன் பார்க்கிறார் என்று சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். நல்ல மனிதர், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற துடிப்புள்ளவர். மாவட்டத்தின் மேற்கே மேட்டு நிலத்து ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் யார் யார், வயது என்ன, படிப்பு என்ன, தாய் தகப்பனுக்கு என்ன தொழில் என்று படிவத்தில் கேள்விகள் இருந்தன. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற முறையில் எண்ணிக்கொண்டு போனோம். ஒரு வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் எழுதிக்கொள்ளவில்லை. மாலையில் திரும்ப வந்தோம். அந்த வேலையில் இன்றைக்கும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நூற்பாலைகளின் வேன் வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் ஊர்களில், படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் அதிகம். வேன் வராத ஊர்களில் குறைவு. சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசம். சுந்தரமூர்த்தி சார் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். குழு அவசரப்படுத்தியது. நானே அறிக்கை எழுதி அனுப்பினேன். ‘தாய்மார்கள் மில் வேலைக்குச் செல்வதால் பெண் பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பை ஏற்றுப் படிப்பைக் கைவிடுகின்றனர்.’ எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டவணைக்கு உயிர் கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த ஒரு வரி குழுவுக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளி வயதுப் பெண் பிள்ளை உள்ள தாய்மாரை நூற்பாலைகள் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பரிந்துரையைத் தயாரித்தார்கள். இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆனால் செய்தி வெளியே போய்விட்டது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, ‘அம்மா மில்லுக்கு, மகள் அடுப்படிக்கு’ என்று தலைப்புப் போட்டது.

இரண்டு நாள் கழித்து நான்கு பெண்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. கல்லாங்காட்டூர் பழனியம்மாள். நான் நேரில் போய்க் கணக்கெடுத்த வீடு.

“ஏனுங்க, நீங்கதான எங்கூட்டுக்கு வந்து எழுதிட்டுப் போனீங்க?”

“ஆமாங்க, உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “மோர் குடுத்தனுங்க. குடிச்சுப்போட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க. இப்ப வேன்ல வர்ற சூப்பர்வைசரு, அடுத்த மாசத்துல இருந்து நீ வர வேண்டாம்னு சொல்றாருங்க. நான் மில்லுக்குப் போனதுனாலதான் எம்புள்ள படிப்பு நின்னுபோச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்களாமா.”

நான் அட்டவணையை எடுத்து விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ள கோகிலா நின்னு ஒரு வருசம் கழிச்சுத்தானுங்க நான் வேன்ல ஏறுனேன். அதெப்படீங்க அப்பறம் ஏறுன வேனு, முன்னாடி நின்ன படிப்ப நிறுத்தும்?”

படிவத்தைப் புரட்டினேன். மகள் படிப்பை நிறுத்தியிருக்கிறாளா என்று கேட்டிருந்தேன். தாய் மில்லுக்குப் போகிறாரா என்று கேட்டிருந்தேன். எது முதலில் நடந்தது என்று கேட்க அதில் ஒரு கட்டமே இல்லை. வந்த மற்ற மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சுந்தரமூர்த்தி சார் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். அறிக்கையின் நகலை நானே கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தலைப்பை மூடினார். எண்களைப் படித்தார். பிறகு அந்த வரிக்கு வந்து, பென்சிலை எடுத்து, ‘செல்வதால்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

“குழு எப்ப கூடுது?”

“இன்னும் பன்னெண்டு நாள் இருக்குங்க சார்.”

“எண்ணினதுல தப்பில்ல. திரும்பப் போங்க. எது முன்னாடி, எது பின்னாடின்னு கேளுங்க. வேலைக்குப் போகாத அம்மா இருக்கிற ஊட்டுக்கும் போங்க. ஜீப் எடுத்துக்குங்க, எனக்கு வேணாம்.” நான் கிளம்பும்போது, “குழுவுக்கு இன்னிக்கே ஒரு கடிதம் போட்டுடறேன். கணக்கை மறுபடி சரிபாக்கறோம்னு. என் கையெழுத்துலயே போகட்டும்” என்றார். தவறு என்னுடையது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கிராமத்தில் மாதம், வருடம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிக்கொள்வோம். கோயில் கும்பாபிஷேகம், தண்ணித் தொட்டி கட்டியது, தேர்தல். “நீங்க மில்லுல சேந்தது கும்பாபிஷேகத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டு நெருங்கி நெருங்கி மாதத்தைப் பிடிப்போம். பிறகு மில் அடையாள அட்டையில் சேர்ந்த தேதியையும், பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர் நீக்கிய தேதியையும் வைத்துச் சரிபார்ப்போம்.

கல்லாங்காட்டூரில் இரண்டாவது வீட்டில், மகள் படிப்பை நிறுத்தியது எப்போது என்று கேட்டபோது அந்த அம்மா கும்பாபிஷேகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. “அது பஸ்ஸு நின்ன வருசமுங்க” என்றார். அடுத்த வீட்டிலும் “பஸ்ஸு நின்ன மறு மாசம்”. அதற்கடுத்த தெருவிலும் அதேதான். நான் கொண்டுபோன நிகழ்ச்சிப் பட்டியலில் பஸ்ஸே இல்லை. அவர்களாகவே ஒரு நாட்காட்டி வைத்திருந்தார்கள். அதில் எல்லாமே பஸ் நின்றதற்கு முன், பஸ் நின்றதற்குப் பின்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, “எந்த பஸ்ஸுங்க?” என்று கேட்டேன்.

தினமும் காலையில் ஒரு தனியார் டவுன் பஸ் அந்த ஊர்களுக்குள் வந்து போயிருக்கிறது. பைபாஸ் சாலை திறந்ததும், நேர்வழியில் சீக்கிரம் போகலாம் என்று உள்ளே வருவதை விட்டுவிட்டது. எட்டாம் வகுப்புவரை ஊரிலேயே பள்ளி இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி போக, சோளக்காட்டு வழியாக நடந்து, லாரிகள் பறக்கும் பைபாஸைக் கடந்து, பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். பழனியம்மாளின் வீட்டுக்கு மறுபடி போனேன். கோகிலா ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாளு எவனோ வண்டியில பின்னாலயே வந்தானுங்களாமா. மூணாம் நாளு நாந்தானுங்க போக வேண்டாம்னு நிறுத்திப்போட்டேன்” என்றார் பழனியம்மாள். “அடுத்த வருசம் கெணறு வத்திப்போச்சு. காட்டுல வேல இல்ல. அப்பறந்தான் வேனு.”

கோகிலா தலை நிமிராமல், “நான் போகமாட்டேன்னு சொல்லலீங்க” என்றாள்.

பத்து நாள் அலைந்ததில் கணக்கு முழுசாகத் தெளிவானது. பெரும்பாலான வீடுகளில் மகள் நின்றது முதலில், தாய் வேனில் ஏறியது பிறகு. அதே ஊரில் தாய் வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களிலும் பிள்ளைகள் அதே அளவுக்கு நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஓடைப்புதூர். அங்கும் வேன் வருகிறது, அங்கும் தாய்மார் மில்லுக்குப் போகிறார்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே படிப்பை நிறுத்திய பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. தண்ணீர் இல்லாத, சாலையை விட்டுத் தள்ளியிருக்கும் மேட்டு ஊர்களில் விவசாய வேலை இல்லை, அதனால் வேன் வந்தது. அதே ஊர்களுக்குப் பஸ் இல்லை, அதனால் படிப்பு நின்றது. இரண்டும் ஒரே ஊரில் நடந்ததை வைத்து ஒன்றின்மேல் மற்றொன்றின் பழியைப் போட்டிருந்தேன். இந்த இரண்டு ‘அதனால்’களையும் சார் பார்த்தார். அருகிலேயே சான்று இருந்தது. வட்டம் போடவில்லை.

குழு கூடிய அன்று பழனியம்மாளையும் அழைத்துப் போயிருந்தோம். தலைவர் என் புதிய அறிக்கையை வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார்.

“போன மாசம் ஒண்ணு சொன்னீங்க. இந்த மாசம் வேற சொல்றீங்க. எதைம்மா நம்பறது?”

“எண்களை ரெண்டு மாசமும் நம்பலாங்க ஐயா. போன மாசம் நான் எழுதின காரணம் தப்பு. நான் அதைக் கேக்காமலே எழுதிட்டேன்” என்றேன்.

குழுவில் ஒரு பெரிய விவசாயி இருந்தார். வேன் வந்த பிறகு களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்பவர். “அம்மாக்காரி ஊட்டுல இருந்தா, புள்ளையக் கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உட்டுட்டு வருவாள்லங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகவே எடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அம்மா வீட்டில் இருக்கும் குடும்பங்களின் கணக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எங்க தங்கச்சி ஊர்லயும் இந்தப் பஸ்ஸுதானுங்க நின்னுச்சு. புள்ள பெருமாநல்லூருக்கு ஹாஸ்டலுக்குப் போச்சு” என்று தன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேனைப் பற்றிப் பேசவில்லை.

தலைவர் பழனியம்மாளைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?”

பழனியம்மாள் எழுந்து நின்றார். “பஸ்ஸு வரோணும்னு எழுதிக் குடுங்க சாமி. அது வர்ற வரைக்கும் ஒண்ணு கேக்கறனுங்க. எங்க மில்லு வேனு தெனமும் ஹைஸ்கூலு வாசல் வழியாத்தானுங்க போவுது. நாலு சீட்டு காலியாவே கெடக்குது. புள்ளைங்களை எங்ககூட ஏத்திக்கிட்டா என்னங்க?”

எதன்மேல் குற்றம் சாட்டினோமோ அதே வேன். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அப்போதுதான் சுந்தரமூர்த்தி சார் வாய் திறந்தார். “ஐயா, ஒரு வருஷம் செஞ்சு பாத்துடலாம். தாய்மார் மில்லுக்குப் போயிட்டேதான் இருப்பாங்க. அதை மாத்த வேணாம். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழியை மட்டும் மாத்துவோம். பிள்ளைங்க திரும்பி வந்துட்டா எது காரணம்னு தெரிஞ்சுடும். வரலைன்னா, இவங்க ரெண்டாவது அறிக்கையும் தப்புன்னு நானே எழுதித் தரேன்.”

தலைவர் பழைய பரிந்துரையை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் குறுக்கே கோடு இழுத்துக் கையெழுத்திட்டார். பழனியம்மாள் என் பக்கம் திரும்பி, “அடுத்த மாசம் வேலைக்குப் போலாங்களா?” என்று கேட்டார். “போங்க” என்றேன்.

நூற்பாலையில் முதலில் தயங்கினார்கள். தாய்மாரும் கூடவே வருவதால் ஒப்புக்கொண்டார்கள். வேன் பள்ளிக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடும். தலைமையாசிரியை அந்த நேரத்துக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தார். மாலையில் ஷிப்ட் முடிந்து வேன் திரும்பவும் பள்ளி விடவும் சரியாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த மேட்டு ஊர்களிலிருந்து எட்டு முடித்த பெண்கள் ஒருவர் விடாமல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். முன்பே நின்றவர்களிலும் பலர் திரும்பியிருந்தார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கோகிலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாய்மார் அனைவரும் மில்லில்தான் இருந்தார்கள். அலுவலகத்துக்கு வந்து சாரிடம் கணக்கைக் கொடுத்தேன். தலைப்பை மூடாமலே படித்தார். “இப்ப எழுதுங்க, ‘ஆல்’ போட்டு” என்றார். அவர் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். அடுத்த ஆண்டு ஊருக்குள் மறுபடி பஸ் வந்தது.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் காலை, எங்கள் அலுவலக வாசலில் ஒரு மில் வேன் வந்து நின்றது. நீலநிற மில் கோட்டுப் போட்ட பெண்கள் படியேறி வந்தார்கள். நடுவில் கோகிலா, கையில் மிட்டாய்ப் பெட்டி. ஒவ்வொரு மேசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். சார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“அடுத்து என்னம்மா எடுக்கப்போற?” என்று கேட்டேன். கணக்கு என்று சொல்வாள் என்று மனதுக்குள் ஓர் ஆசை.

“காமர்ஸுங்க” என்றாள்.

சார் சத்தமாகச் சிரித்தார். கீழே வேன் ஹாரன் அடித்தது. பழனியம்மாள் மகளின் தோளைத் தட்டிவிட்டு, “ஷிப்டுக்கு நேரமாச்சுங்க, வாரேன்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.